‘உங்க வீட்டுக்கு அனுப்பிடுவேன்!’ - பிள்ளைகளை வாயடைக்க வைக்கும் மிரட்டலும், ராமேஸ்வரம் கரையோரப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியதும்

பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ ஒரு மீனவர் வீட்டுக்குப் போய், ‘பிள்ளைங்க கையில போன் குடுக்காதீங்க, வாங்கிப் பூட்டி வைங்க’ என்று சொல்லிப் பாருங்கள். சிரித்துவிடுவார்கள். படகு கடலுக்குப் போனபிறகு, அது கரை திரும்பும் வரை வீட்டில் இருப்பவர்களுக்குச் சேதி சொல்வது அந்த போன்தான். எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை ஒரு படகைப் பிடித்துவிட்டால், எந்தப் படகு, அதில் யார் யார் இருந்தார்கள் என்ற விவரத்தை வீட்டுக்காரர்கள் தேடுவது வாட்ஸ்அப்பில்தான். காற்று எச்சரிக்கை, கடலுக்குப் போக டோக்கன் உண்டா இல்லையா, இறால் என்ன விலை... எல்லாமே அதில்தான்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் போனால் கதை கொஞ்சம் மாறும், போன் மாறாது. துபாயிலும் சவுதியிலும் வேலை பார்க்கும் வாப்பாவின் முகத்தைப் பிள்ளை பார்ப்பதே வீடியோ காலில்தான். ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு அவர் அழைப்பார். போனைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுக் குடும்பமே பேசும்.

ஆக, குழந்தைகளும் சமூக வலைதளங்களும் என்று பேச்சு வந்தாலே நாம் வழக்கமாகச் சொல்லும் ‘போனைப் பிடுங்கு’ வைத்தியம் ராமநாதபுரம் மாவட்டக் கரையோரத்தில் செல்லுபடியாகாது. வேறு எங்காவது செல்லுபடியாகிறதா என்பது தனிக் கேள்வி. ஆனால் இந்தக் கரையை வைத்துப் பார்த்தால், பிரச்னையின் முடிச்சு எங்கே இருக்கிறது என்பது கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது.

வீட்டின் ‘டெக்னீஷியன்’ யார்?

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, பாடம் வாட்ஸ்அப் வழியாக வர ஆரம்பித்தது. கடனை உடனை வாங்கி ஸ்மார்ட்போன் வாங்கிய வீடுகள் எத்தனையோ. பள்ளி திறந்துவிட்டது, போன் வீட்டிலேயே தங்கிவிட்டது. இன்று வீட்டுப்பாடம் முதல் பள்ளி அறிவிப்பு வரை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது.

அந்த போனை வீட்டில் நன்றாக இயக்கத் தெரிந்தவர் யார்? பெரும்பாலும் எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிற பிள்ளைதான். மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் ஏறிவிட்டதா, மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வந்துவிட்டதா, வெளிநாட்டிலிருந்து அப்பா போட்ட பணம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது அந்தப் பிள்ளை. காஸ் சிலிண்டர் புக் செய்வதும், அண்ணாச்சி கடைக்கு ஜி-பே போடுவதும் அதே பிள்ளை. அம்மாவின் யுபிஐ பின் நம்பர் அம்மாவுக்கே மறந்துபோகலாம், பிள்ளைக்கு மறக்காது.

இதில் தப்பேதும் இல்லை. சொல்லப்போனால் பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால், இந்த ஏற்பாட்டில் கண்காணிக்க வேண்டியவர் கண்காணிக்கப்பட வேண்டியவரிடம் உதவி கேட்கும் நிலையில் இருக்கிறார். ‘பேரன்ட்டல் கன்ட்ரோல் போடுங்கள்’ என்று சொன்னால், அதைப் போட்டுத் தரச் சொல்லி அம்மா மகளிடமேதான் போனைக் கொடுப்பார்!

தூண்டில் போடுவது எப்படி?

ஏமாற்றுக்காரர்கள் கையாளும் வழி ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். முதலில் அவர்களுக்குத் தேவை, பிள்ளை யார் என்ற தகவல். அதைப் பிள்ளையே கொடுத்துவிடுகிறது. பாம்பன் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்டதிலிருந்து, அதைப் பின்னால் வைத்து ரீல்ஸ் எடுப்பது ஒரு திருவிழாவாகவே நடக்கிறது. தனுஷ்கோடி, அரியமான் கடற்கரையும் அப்படித்தான். ஸ்கூல் முடிந்து யூனிஃபார்மோடு எடுத்த ஒரு பதினைந்து நொடி வீடியோ போதும். சென்னையில் ஒரு நீலக் கலர் யூனிஃபார்மை வைத்து எந்தப் பள்ளி என்று கண்டுபிடிப்பது கஷ்டம். ராமேஸ்வரம் ஒரு தீவு. அங்கே பள்ளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். யூனிஃபார்ம் தெரிந்தால் பள்ளி தெரியும். பள்ளி தெரிந்தால் எந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போகும் என்பதுகூடத் தெரியும்.

இதில் பெரியவர்களுக்கும் பங்கு உண்டு. பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, மதிப்பெண் பட்டியல் என்று பிள்ளையின் படத்தைப் பெயரோடும் ஊரோடும் ஸ்டேட்டஸில் வைப்பது நாம்தானே. போதாக்குறைக்கு ராமேஸ்வரத்துக்கு நாள்தோறும் ஆயிரக்கணக்கில் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். சங்கும் பாசிமாலையும் விற்கும் பிள்ளைகளைக் கேட்காமல் கொள்ளாமல் படமெடுத்து வலைதளத்தில் ஏற்றிவிட்டுப் போகிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

அடுத்து, ஒரு போலிக் கணக்கு. பெண் பிள்ளைக்கு ஒரு அழகான பையன் படம்; ஆண் பிள்ளைக்கு ஒரு பெண் படம். ஏற்கெனவே அதே பள்ளியில் நாலைந்து பேரை நண்பர்களாகச் சேர்த்துக்கொண்டுதான் வருவார்கள். ‘மியூச்சுவல் ஃப்ரெண்ட்ஸ்’ என்று நாலு தெரிந்த பெயரைப் பார்த்ததும் பிள்ளை நம்பிவிடும். ரீல்ஸுக்கு முதல் ஆளாக லைக், ‘செமயா ஆடுற’ என்று ஒரு கமென்ட், பிறகு மெசேஜ். சில நாள்களில் பேச்சு இன்ஸ்டாகிராமிலிருந்து, பார்த்தவுடன் மறைந்துபோகும் செய்தி அனுப்புகிற வேறொரு செயலிக்கு மாறும். ‘இங்க வேணாம், அங்க வா’ என்று எவர் கூப்பிட்டாலும் அதுதான் முதல் எச்சரிக்கை மணி. துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளின் அரட்டைப் பகுதியிலும் இதே கதைதான்.

பிறகு ஒரு படம் கேட்பார்கள். முதலில் சாதாரணப் படம். அப்புறம் இன்னொன்று. கடைசியில், யாருக்கும் காட்டக் கூடாத ஒன்று. இப்போது அதற்குக்கூடத் தேவையில்லை. ரீல்ஸில் இருக்கும் முகத்தை எடுத்து செயற்கை நுண்ணறிவுச் செயலி மூலம் ஆபாசப் படமாக்கிவிட முடிகிறது. படம் எதையும் அனுப்பாத பிள்ளையும் மாட்டிக்கொள்ளலாம்.

‘பொம்பளப் புள்ள வெச்சிருக்கவங்கதான் பயப்படணும்’ என்று நினைத்தால் அது தவறு. வீடியோ காலில் வரவழைத்து, அதைப் பதிவு செய்து பணம் கேட்டு மிரட்டும் கும்பல்கள் பையன்களையும் குறிவைக்கின்றன. அதுவும் பையன்கள் வாயே திறப்பதில்லை. அழுதால் கேலி செய்வார்கள் என்று பழகிப்போன பிள்ளைகள் அவர்கள். அம்மாவின் கணக்கிலிருந்து ஐநூறு, ஆயிரம் என்று பணம் குறைவதுதான் வீட்டுக்குத் தெரியவரும் முதல் அறிகுறி. அப்போதும் ‘கேம்ல போட்டுட்டான்’ என்று நாலு சாத்து சாத்திவிட்டு விட்டுவிடுகிறோம்.

மிரட்டுபவனின் முதலீடு என்ன?

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மிரட்டுபவன் கையில் இருப்பது ஒரு படம் என்று நாம் நினைக்கிறோம். அந்தப் படத்தை வெளியே விட்டால் அவனுக்குப் பத்து பைசா லாபம் இல்லை. வெளியே விட்ட நொடியில் மிரட்டல் முடிந்துபோகும், போலீஸ் வரும். அவன் பணமோ, இன்னும் படங்களோ, வேறு எதுவோ கறப்பது ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துத்தான்: ‘உங்க வீட்டுக்கு அனுப்பிடுவேன்.’

அந்த வாக்கியம் ஏன் பலிக்கிறது? வீட்டுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். அடி விழும். போன் போய்விடும். பெண் பிள்ளை என்றால் படிப்பு நிற்கும். சில வீடுகளில் அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். ‘கடல்ல உயிரக் குடுத்து ஒங்கப்பா சம்பாதிக்கிறாரு, நீ என்ன வேல பண்ணி வெச்சிருக்க’ என்ற ஒரு சொல் போதும், பிள்ளை குறுகிப்போக. அப்பா வெளிநாட்டில் இருந்தால் இன்னும் சிக்கல். அம்மாவே அவருக்குச் சொல்லப் பயப்படுவார். ‘புள்ளைய ஒழுங்கா வளக்கத் தெரியலயா’ என்ற கேள்வி அவரை நோக்கித்தானே வரும்? அம்மா பயப்படுவதைப் பார்க்கிற பிள்ளை, அம்மாவிடமும் சொல்லாது.

இப்படி யோசித்துப் பார்த்தால், முன்பின் தெரியாத ஒருவன் எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு நம் பிள்ளையை ஆட்டிவைப்பதற்கு, நம் வீட்டுக் கோபத்தைத்தான் முதலீடாகப் போட்டிருக்கிறான். அவன் சொந்தமாகக் கொண்டுவந்தது ரொம்பக் கொஞ்சம்.

ஒரு புகார் என்ன செய்யும்?

தெற்கே நாகர்கோவிலில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சமூக வலைதளங்களில் பெண்களோடு பழகி, படங்களையும் வீடியோக்களையும் வைத்து மிரட்டி வந்த காசி என்ற இளைஞர் 2020 ஏப்ரலில் கைது செய்யப்பட்டார். சென்னையைச் சேர்ந்த ஒரு பெண் மருத்துவர் துணிந்து புகார் கொடுத்த பிறகுதான் அது நடந்தது. அந்த ஒரு புகாருக்குப் பின்னால் வேறு பெண்களும் வரிசையாக வந்தார்கள். போக்சோ வழக்கும் பதிவானது. வழக்கு சி.பி.சி.ஐ.டி-க்குப் போனது. 2023 ஜூனில் ஒரு வழக்கில் அவருக்குச் சாகும் வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த மருத்துவருக்கு முன்னால் எத்தனை பேர் ‘வீட்டுக்குத் தெரிஞ்சா செத்தேன்’ என்று வாயைமூடிக்கொண்டு இருந்திருப்பார்கள்?

பொள்ளாச்சி விஷயத்தில் இரண்டு பக்கமும் இருக்கின்றன. 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி, குடும்பத்தின் துணையோடு புகார் கொடுத்தார். முகநூல் பழக்கத்தில் தொடங்கி வீடியோ எடுத்து மிரட்டிய கும்பல் வெளியே வந்தது. ஆனால் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தைக் காவல்துறை அதிகாரியே பேட்டியில் போட்டுடைத்தார். அரசாணையிலும் பெயர் இடம்பெற்றது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கடுமையாகக் கண்டித்து, அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. பேர் வெளியே போய்விடும் என்று பெற்றோர் பயப்படுவதைக் குறை சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்!

அதே வழக்கின் முடிவையும் சொல்ல வேண்டும். சி.பி.ஐ விசாரித்து, கோவை மகளிர் நீதிமன்றத்தில் மூடிய அறையில் விசாரணை நடந்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் ஒருவர்கூடப் பிறழ்சாட்சி ஆகவில்லை. 2025 மே 13-ம் தேதி ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்த இரண்டு வழக்கிலும் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வளர்ந்த பெண்கள்தான். ஆனால் படித்து, வேலைக்குப் போகும் பெண்களே வாய்திறக்க இவ்வளவு தயங்கினார்கள் என்றால், பதிமூன்று வயதுப் பிள்ளை எந்த மூலைக்கு?

13 என்ற எண் எங்கிருந்து வந்தது?

‘இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்க 13 வயது முடிந்திருக்க வேண்டும்’ என்பது பலருக்கும் தெரியும். அந்த 13 குழந்தை மனநல மருத்துவர்கள் சொன்ன எண் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் தகவல்களைப் பெற்றோர் அனுமதி இல்லாமல் நிறுவனங்கள் திரட்டக் கூடாது என்று அமெரிக்காவில் 1998-ல் ஒரு சட்டம் வந்தது. அந்தத் தலைவலி வேண்டாம் என்று நிறுவனங்கள் 13 என்று கோடு போட்டுவிட்டன. 13 வயதில் பிள்ளை தயாராகிவிடுகிறது என்று யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை.

நம் பக்கத்தில் இந்தக் கேள்வியை உரக்கக் கேட்டது ராமநாதபுரம் மாவட்டத்துக்கும் உயர் நீதிமன்றமான அதே மதுரைக் கிளைதான். 2019 ஏப்ரல் 3-ம் தேதி டிக்டாக் செயலியைத் தரவிறக்கம் செய்யத் தடை விதிக்கச் சொல்லி நீதிபதிகள் என்.கிருபாகரன், எஸ்.எஸ்.சுந்தர் அமர்வு இடைக்கால உத்தரவு போட்டது. குழந்தைகள் முன்பின் தெரியாதவர்களின் வலையில் விழுகிறார்கள் என்பதுதான் முக்கியக் கவலை. அமெரிக்கா போல இங்கேயும் குழந்தைகளுக்கான சட்டம் வருமா என்றும் கேட்டது. நிறுவனம் உறுதிமொழி கொடுத்ததும் ஏப்ரல் 24-ம் தேதி தடை விலகியது. 2020 ஜூனில் மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. ஆனால் அது எல்லைப் பதற்றத்துக்காக, பிள்ளைகளுக்காக அல்ல. டிக்டாக் போனது, ரீல்ஸ் வந்தது. 2025 டிசம்பரில், வேறொரு வழக்கில், ஆஸ்திரேலியா போன்ற சட்டத்தைக் கொண்டுவருவது பற்றி யோசிக்கலாமே என்று மத்திய அரசுக்கு இதே மதுரைக் கிளை யோசனை சொன்னது.

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் முக்கியமான சமூக வலைதளங்களில் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. மீறினால் தண்டனை பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை, நிறுவனத்துக்குத்தான். 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். இந்தியாவில் 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் குறைந்த எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்களின் தகவலைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம். அதாவது நடைமுறைக்கு வர 2027 மே ஆகிவிடும்.

வரட்டும், நல்லதுதான். ஆனால் நம் கரையோர வீட்டில் அது எப்படி வேலை செய்யும்? சிம் கார்டு அப்பா பேரில், ஆதார் அப்பாவுடையது, ஓ.டி.பி வருவது அம்மா போனுக்கு, அதை எடுத்துப் படிப்பது பிள்ளை. ‘பெற்றோர் சம்மதம்’ ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும்! சட்டம் வரும்வரை காத்திருக்கவும் முடியாது, வந்தபிறகு அதை மட்டும் நம்பிக்கொண்டிருக்கவும் முடியாது.

இப்போதைக்குக் கையில் இருப்பதில் உருப்படியான ஒன்று, இன்ஸ்டாகிராமின் ‘டீன் அக்கவுன்ட்’. 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் கணக்கு தானாகவே பிரைவேட் ஆகிவிடும். முன்பின் தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது. இரவு 10 மணியிலிருந்து காலை 7 மணி வரை அறிவிப்புகள் வராது. 16-க்குக் கீழே என்றால், இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். எல்லாம் சரி, பிள்ளை ஆறாம் வகுப்பில் கணக்குத் தொடங்கும்போதே பிறந்த வருடம் 1999 என்று போட்டிருந்தால் இது எதுவுமே வேலை செய்யாது. ஆகவே இன்று ராத்திரி பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தக் கணக்கில் பிறந்த தேதி என்னவென்று இருக்கிறது? பார்த்துவிட்டுச் சத்தம் போடாதீர்கள். சிரித்துக்கொண்டே மாற்றச் சொல்லுங்கள்.

மிரட்டல் வந்தே விட்டால்?

முதலில், பிள்ளையை உட்காரவைத்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். ‘போன வாங்க மாட்டேன், படிப்ப நிறுத்த மாட்டேன், என்ன நடந்துச்சுன்னு சொல்லு.’ பிரச்னை வந்தபிறகு சொல்வதைவிட, ஒன்றும் நடக்காத ஒரு சாதாரண நாளில் சொல்லிவைப்பது இன்னும் பலன் தரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதிலேயே பள்ளிக் கோடை விடுமுறையும் வந்துவிடுகிறது. பிள்ளை கையில் போன் அதிகம் இருக்கும் மாதமும் அதுதான், அப்பா வீட்டில் இருக்கும் மாதமும் அதுதான். வலை பின்னிக்கொண்டே பேசலாம். வெளிநாட்டு வாப்பா வீடியோ காலில் சொல்லலாம். அவர் வாயால் வருகிற வார்த்தைக்கு வீட்டில் தனி எடை உண்டு.

மிரட்டுபவனுக்குப் பணம் அனுப்பாதீர்கள். ஒருமுறை கொடுத்தால் ‘இங்கே கறக்கலாம்’ என்று அவனுக்கு ரசீது கொடுத்த மாதிரி. ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடவும் கூடாது. அவனுடைய கணக்கின் பெயர், புரொஃபைல் முகவரி, மிரட்டிய செய்திகள், பணம் கேட்ட யுபிஐ எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுப் பிறகு பிளாக் செய்யுங்கள்.

பணம் போயிருந்தால் உடனே 1930. இது தேசிய சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் குழந்தைகள், பெண்கள் தொடர்பான குற்றங்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. பெயர் சொல்லாமலும் அங்கே புகார் பதிவு செய்யலாம். பிள்ளைகளே நேரடியாக அழைக்க 1098 இருக்கிறது. ஆசிரியர் மூலமாகப் போக நினைத்தால், பள்ளிக் கல்வித்துறையின் 14417. பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், ‘எனக்கு வாழவே பிடிக்கல’ என்ற ரீதியில் பேசினால் ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடாமல் 104 அல்லது 14416 எண்ணுக்கு அழையுங்கள். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள்.

‘மிரட்டினவன் ராஜஸ்தானிலோ எங்கேயோ இருக்கான், இங்க என்ன பண்ணுவாங்க?’ என்று சிலர் திரும்பிவிடுகிறார்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவலைக் கொடுக்கலாம். பக்கத்து ஊர் மகளிர் காவல் நிலையம் போதும். போக்சோ சட்டத்தில், பிள்ளையைத் திரும்பத் திரும்ப இணையத்தில் தொடர்புகொண்டு தொல்லை செய்வதும், உண்மையான படமோ போலிப் படமோ அதை வைத்து மிரட்டுவதும் பாலியல் தொந்தரவு என்று தெளிவாகவே இருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவரின் சம்மதத்துக்கு அந்தச் சட்டத்தில் மதிப்பே கிடையாது. எனவே ‘நீதானே அனுப்பின?’ என்ற கேள்விக்கும் அங்கே இடமில்லை. அந்தக் கேள்வியைப் பெரும்பாலும் நாம்தான் கேட்கிறோம்.

பிள்ளை காவல் நிலையத்துக்குப் போகவேண்டிய கட்டாயமும் இல்லை. வாக்குமூலத்தை வீட்டிலேயோ பிள்ளை விரும்பும் இடத்திலேயோ பதிவு செய்ய வேண்டும். இயன்றவரை சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, யூனிஃபார்ம் இல்லாமல் வரவேண்டும் என்கிறது சட்டம். தெருவில் போலீஸ் ஜீப் நின்றால் ஊரே எட்டிப்பார்க்கும் குப்பத்தில் இந்த ஒரு விதி எவ்வளவு பெரிய ஆறுதல்! வந்தவர் யூனிஃபார்மோடு வந்தால், சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதையும் பத்திரிகையோ டி.வி-யோ வெளியிடவும் கூடாது.

ஊர் வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை முழுமையாகாது. ஒரு பிள்ளையின் ஆபாசப் படம் சுற்ற ஆரம்பித்ததும், ‘இது எந்த ஊருப் புள்ளன்னு தெரியுமா? பாவம், அவங்க வீட்டுக்குச் சொல்லணும்’ என்று நல்லெண்ணத்தோடு நாலு குழுக்களுக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அனுப்புவது குற்றம், எண்ணம் எதுவானாலும் அந்தப் பிள்ளைக்கு நடக்கும் கேடு ஒன்றுதான். வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னையில் பதிவான ஒரு வழக்கில், தரவிறக்கிப் பார்த்தது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை ரத்து செய்துதான் அந்தத் தீர்ப்பு வந்தது. ‘குழந்தை ஆபாசம்’ என்ற சொல்லையே இனி பயன்படுத்த வேண்டாம், அது குழந்தை மீதான பாலியல் சுரண்டலின் பதிவு என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். தலைமையாசிரியருக்கோ டியூஷன் டீச்சருக்கோ இப்படி ஒரு விஷயம் தெரியவந்தால், போலீஸுக்குச் சொல்லவேண்டியது சட்டப்படி கட்டாயம். ‘பள்ளிக்குப் பேர் கெட்டுடும்’ என்று மூடிமறைத்தால் அதற்கும் சிறைத் தண்டனை உண்டு.

படம் ஏற்கெனவே வலைதளத்தில் ஏறிவிட்டதா? அந்தத் தளத்திலேயே உடனே புகார் செய்யுங்கள். இதுபோக, அமெரிக்காவில் காணாமல் போன குழந்தைகளுக்கான தேசிய மையம் 2023-ல் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவையைத் தொடங்கியது. 18 வயதுக்குள் எடுக்கப்பட்ட படங்களுக்கானது. படத்தை அவர்களுக்கு அனுப்பவே வேண்டாம். நம் போனிலேயே அந்தப் படத்துக்கு விரல்ரேகை மாதிரி ஓர் எண் உருவாகும், அந்த எண் மட்டும் போகும். இதில் சேர்ந்திருக்கும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள், அதே எண் கொண்ட படம் வந்தால் அடையாளம் கண்டு நீக்க முடியும். வாட்ஸ்அப்பில் தனிப்பட்ட முறையில் சுற்றுவதை இது தடுக்காது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இந்தக் கரையோர வீடுகளுக்கே உரிய ஒரு நடைமுறைச் சிக்கல். புகார் கொடுத்தால் போலீஸ் போனைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் இருப்பதோ ஒரே போன். கடலில் இருக்கும் அப்பாவுக்கும் துபாயில் இருக்கும் வாப்பாவுக்கும் அதுதான் வழி. இதை நினைத்தே புகார் கொடுக்காமல் இருந்துவிடுகிற வீடுகளும் இருக்கும். போனைக் கொடுக்கும்போது அதன் மாடல், ஐ.எம்.இ.ஐ எண் எல்லாம் குறித்து எழுத்தில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். தகவல்களைப் பிரதி எடுத்தபிறகு போனைத் திருப்பிக் கேட்டு நீதிமன்றத்தில் மனு போட முடியும். மாவட்ட இலவச சட்ட உதவி மையத்தில் அதற்கு வக்கீல் கிடைப்பார். அதுவரைக்கும் அதே நம்பருக்கு மாற்று சிம் வாங்கி, ஒரு பழைய பட்டன் போனில் போட்டுக்கொள்ளலாம். ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன், அப்பா நம்பரையும் படகு உரிமையாளர் நம்பரையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போனில் இருப்பதை மட்டும் எதையும் அழிக்க வேண்டாம்.